துறைமுகத்திலிருந்து முகத்துவாரம் வரை

ராஜாஜி சாலையில் வடக்கு நோக்கி நடந்தால் வலது கைப்பக்கம் துறைமுகச் சுவர் நெடுகக் கூடவே வரும். சுவருக்கு மேலே கிரேன்களின் கழுத்து தெரியும், கடல் தெரியாது. கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்க, ஓட்டுநர்கள் வண்டி நிழலில் துண்டு விரித்துப் படுத்திருப்பார்கள். 1914 மார்ச் 17 அன்று இந்தச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் எஸ்.எஸ். நெவாசா என்ற கப்பல் லண்டனுக்குக் கிளம்பியது. அதில் 26 வயதுக் கணித மேதை ராமானுஜன் இருந்தார்.

அந்தக் கப்பலை மனத்தில் வைத்துக்கொண்டு, துறைமுகத்திலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை கடலோரமாகவே போய்ப் பார்ப்பது என்று புறப்பட்டேன். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்களைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் மதிப்பெண், உதவித்தொகை, விசா, வேலை. போன இடத்தில் அந்தப் பிள்ளைக்கு யார் சோறு போட்டார்கள், காய்ச்சலில் கிடந்தபோது யார் வந்து கதவைத் தட்டினார்கள் என்பது யார் கணக்கிலும் வருவதில்லை. ராமானுஜன் விஷயத்தில் அந்தக் கணக்கும் கொஞ்சம் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதைத் தேடித் திரட்டியவர்களில் முக்கியமான ஒருவர் இதே வடசென்னையில் பாடம் நடத்திய கணக்கு வாத்தியார்.

கப்பல் ஏறுவதற்கு முன்னாலேயே கதை தொடங்கிவிடுகிறது. 1912 மார்ச் 1-இல் ராமானுஜன் சென்னை போர்ட் டிரஸ்ட்டின் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். பொதி சுற்றும் காகிதம் ஏதாவது கிடைக்குமா என்று துறைமுகத்தில் அவர் தேடித் திரிந்ததைப் பார்த்த நண்பர் உண்டு. கணக்குப் போடக் காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாத காலம் அது. அலுவலகத்தில் அவருக்கு மேலே இருந்தவர் எஸ். நாராயண ஐயர், தலைமைக் கணக்கர். கணிதம் படித்தவர், கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுத்தவர். இரவானால் திருவல்லிக்கேணியில் அவர் வீட்டு மாடியில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்கார்ந்துவிடுவார்கள். ராமானுஜன் பத்துப் படியை ஒரே தாவலில் தாண்டுவார். நாராயண ஐயர் நிறுத்தி, நடுவில் விட்ட படிகளை எழுதச் சொல்வார். தனக்கே இது புரியவில்லையென்றால் மற்றவர்களுக்கு எப்படிப் புரியும் என்பது அவருடைய வாதம்.

அந்தச் சிலேட்டுப் பலப்ப ஓசையைக் கேம்பிரிட்ஜுக்கு முந்திய பயிற்சியாகவே நான் நினைக்கிறேன். தன்னைப் போல் யோசிக்காத இன்னொருவருக்காக நின்று நிதானித்து விளக்க வேண்டும் என்பதை ராமானுஜன் முதலில் கேட்டது கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டியிடம் அல்ல, தன் மேலதிகாரியிடம். அவர்களுக்கும் மேலே போர்ட் டிரஸ்ட் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். மணலும் புயலும் தின்றுகொண்டிருந்த இந்தத் துறைமுகத்துக்கு வடகிழக்கில் புது வாய் திறந்த பொறியாளர் அவர். துறைமுகத்துக்குள் ஸ்பிரிங்ஹேவன் என்று அவர் பெயர் இன்னும் நிற்கிறது. நாராயண ஐயர் ஸ்பிரிங்கிடம் பேசினார், ஸ்பிரிங் அரசாங்கத்துக்கு எழுதினார். 1913 ஜனவரி 16 தேதியிட்டு ராமானுஜன் ஹார்டிக்கு எழுதிய கடிதம், தான் சென்னைப் போர்ட் டிரஸ்ட் அலுவலகக் குமாஸ்தா என்ற அறிமுகத்தோடுதான் தொடங்குகிறது.

அடுத்த ஆண்டு தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் இளம் கணிதர் இ.எச். நெவில் சொற்பொழிவாற்றச் சென்னை வந்தார். ராமானுஜனை இங்கிலாந்துக்கு வரச் சம்மதிக்க வைத்தவர் அவர். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை, வழிச்செலவுக்கும் துணிமணிக்கும் 100 பவுன் என்று ஒப்புக்கொண்டது. தாயும் மனைவி ஜானகியும் முன்கூட்டியே கும்பகோணத்துக்கு அனுப்பப்பட்டார்கள். குடுமி போயிற்று. குடுமியில்லாத தலையையும் கோட்டையும் அவர்கள் பார்க்க வேண்டாம் என்பது அவர் எண்ணம். ஏப்ரல் 14-இல் கப்பல் லண்டனைத் தொட்டபோது நெவில் காரோடு வந்து நின்றார். சில வாரங்கள் கேம்பிரிட்ஜில் நெவில், ஆலிஸ் தம்பதியின் வீட்டிலேயே ராமானுஜன் தங்கினார். அவர் விட்டுவிட்டு வந்த துறைமுகத்தில் அதே ஆண்டு செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் குண்டு வீசி எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. கடல்வழி முழுக்கப் போர் பரவிவிட்டிருந்தது.

சுவர் முடிந்து சாலை வளைகிற இடத்தில் ராயபுரம் வந்துவிடுகிறது. ராயபுரம் ரயில் நிலையம் 1856-இல் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் போனது. தூண்கள் வரிசையாக நிற்கிற அந்த முகப்பைப் பார்த்தால், ஊர் முழுவதும் இங்கிருந்துதான் வெளியூர் கிளம்பியிருக்கிறது என்று தோன்றும். துறைமுகம் வருவதற்கு முந்திய காலத்தில் கப்பல்கள் அலைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் பயணிகளை அலை தாண்டி ஏற்றி இறக்கியவர்கள் இந்தக் கரையின் படகோட்டிகள். அந்தச் சமூகம் எழுப்பிய புனித பேதுரு ஆலயம் இன்னும் ராயபுரத்தில் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி அரத்தூன் சாலையில் பார்சிகளின் அக்கினிக் கோயில், 1910-இல் கட்டியது. ஆர்மீனியப் பெயருள்ள தெருவில் பாரசீக நெருப்பு. ராயபுரத்துக்காரர்களுக்கு இது விசேஷமாகவே தெரியாது. கோயிலைத் தாண்டித்தான் பால் வாங்கப் போகிறார்கள்.

நான் தேடி வந்தது சோமு செட்டித் தெருப் பக்கம் அவ்வை கலைக் கழகத்தில் இருக்கிற ராமானுஜன் அருங்காட்சியகத்தை. 1993-இல் திறந்தது. அரசாங்கக் கட்டடம் இல்லை, பளிங்கு இல்லை. வீடுகள் நெருக்கியடித்த தெருவில், குழந்தைகள் கணக்குப் படிக்கிற இடத்தோடு சேர்ந்து சுவரெங்கும் படங்களும் கடிதப் பிரதிகளுமாக இருக்கிறது. உருவாக்கியவர் பி.கே. ஸ்ரீனிவாசன். முத்தியால்பேட்டை உயர்நிலைப்பள்ளியின் கணித ஆசிரியர். ராமானுஜனை நேரில் அறிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போய், கடிதங்களையும் நினைவுகளையும் வாங்கி, பள்ளியின் பழைய மாணவர்கள் துணையோடு 1968-இல் நூலாக வெளியிட்டார். பல்கலைக்கழகங்கள் செய்திருக்க வேண்டிய வேலையை ஒரு பள்ளிக்கூடம் செய்தது. ஸ்ரீனிவாசனும் கடல் தாண்டியவர்தான். ஃபுல்பிரைட் திட்டத்தில் அமெரிக்கா போனார், நைஜீரியாவிலும் பணியாற்றினார். திரும்பி வந்து அவர் வேர்விட்டது இந்தத் தெருக்களில்.

கடிதங்களின் முன்னால் நெடுநேரம் நின்றேன். உலகம் அறிந்த நட்பு ஹார்டி – ராமானுஜன் நட்பு. ஒருவர் கடவுளை ஏற்காதவர், கிரிக்கெட் பித்தர். மற்றவர் நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்னதாக நம்பியவர். காகிதத்தின் மேல் அவர்கள் அளவுக்கு நெருங்கிய இருவர் அரிது. ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டிப் பிரிக்கலாம் என்ற கேள்விக்கு 1918-இல் அவர்கள் சேர்ந்து கொடுத்த விடை இன்றும் கணிதர்களுக்கு வியப்பு. ஆனால் காகிதத்தை விட்டு எழுந்தபின் ஹார்டிக்கு ராமானுஜனின் அறைக்குள் நடப்பது அதிகம் தெரியாது. அதைக் கேட்பது நாகரிகமல்ல என்று வளர்ந்தவர் அவர். இதை அவர் குற்றமாக நான் சொல்லவில்லை. ஒரே நண்பர் எல்லாமாக இருக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குக் கிடைத்ததில்லை.

மகலனோபிஸ் அந்தச் சமயம் கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்தார், பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியலுக்கே அடித்தளமிட்டவர். ஒருநாள் ராமானுஜனின் அறைக்குப் போனபோது, குளிர் தாங்காமல் ஓவர்கோட்டோடு சால்வை போர்த்தித் தூங்குவதாக ராமானுஜன் சொன்னார். மகலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கம்பளிகள் கட்டிலில்தான் இருந்தன. அவற்றை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகி, மேலே விரிப்பைப் போட்டு வைத்திருந்தார்கள். கம்பளிகளை விலக்கி, அவற்றுக்கு அடியில் உடம்பை நுழைத்துக்கொள்ள வேண்டும் என்று ராமானுஜனுக்கு யாரும் சொல்லவில்லை. அவர் கம்பளிகளுக்கு மேலே, வெறும் விரிப்புக்கு அடியில் படுத்துக்கொண்டிருந்தார். மகலனோபிஸ் செருகலை அவிழ்த்து, எப்படிப் படுக்க வேண்டும் என்று செய்து காட்டினார்.

கும்பகோணத்தில் பாய் விரித்துப் படுத்து வளர்ந்தவருக்கு இது எப்படித் தெரியும்? கேட்கக் கூச்சம். பார்த்துச் சொல்ல, உள்ளே வரை வருகிற உரிமையுள்ள ஆள் வேண்டும். மகலனோபிஸ் வங்காளி, இருவருக்கும் பொதுவாக இருந்த மொழி ஆங்கிலம் மட்டுமே. ஆனால் அந்தக் கட்டிலை அவரும் ஒருகாலத்தில் புதிதாகப் பார்த்தவர்.

சாப்பாடு இன்னொரு பாடு. சைவத்தை விடமாட்டேன் என்று தாய்க்குக் கொடுத்த வாக்கு. கல்லூரிச் சாப்பாட்டை நம்பாமல் அறையில் தானே சமைத்தார். கொட்டை நீக்கிய புளியும் நல்ல தேங்காயெண்ணெயும் பார்சலில் அனுப்பச் சொல்லிச் சென்னை நண்பருக்கு எழுதியிருக்கிறார். 1916-இல் நண்பர் சாட்டர்ஜியையும் அவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணையும் அவர்களுடைய தோழியையும் விருந்துக்கு அழைத்து ரசம் வைத்தார். இரண்டு முறை வாங்கிக்கொண்டவர்கள் மூன்றாம் முறை போதும் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் ராமானுஜனைக் காணோம். சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி வந்தது, திரும்பி வரப் பணம் அனுப்பச் சொல்லி. தன் சமையலை அவமதித்துவிட்டார்கள் என்று மனம் உடைந்து போயிருக்கிறார். இதை அவரது விசித்திரங்களில் ஒன்றாகச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் பக்கத்தில் விருந்தாளி போதும் என்பதும், இன்னும் கொஞ்சம் என்று நாம் வற்புறுத்துவதும், அவர் மறுத்து மறுத்து வாங்கிக்கொள்வதும் சேர்ந்துதான் விருந்து. அந்த ஆட்டம் தெரியாத மேசையில் தனியாக ஆடியவர் அவர்.

நோய் முற்றி மேட்லாக் சானடோரியத்தில் கிடந்தபோது, கடலூர்க்காரரான பொறியாளர் ஏ.எஸ். ராமலிங்கம் போய் உடனிருந்தார். ராமானுஜன் என்ன சாப்பிடுகிறார், எதைச் சாப்பிட மறுக்கிறார் என்றெல்லாம் கவலையோடு ஹார்டிக்கு நீண்ட கடிதம் எழுதினார். ஹார்டிக்குத் தெரியாத அந்த அறையின் கதவைக் கடிதத்தால் திறந்தவர் அவர். 1919-இல் ராமானுஜன் ஊர் திரும்பினார், மறு ஆண்டு ஏப்ரல் 26-இல் காலமானார்.

அருங்காட்சியகச் சுவரில் எல்லோரும் பார்த்த அந்தப் படமும் இருக்கிறது: நோயில் மெலிந்தும் கண் மட்டும் எரிகிற பாஸ்போர்ட் படம். அது கிடைத்ததும் ஒரு நட்பால்தான். தான் எழுதும் நூலுக்கு ராமானுஜனின் நல்ல படம் ஒன்று வேண்டும் என்று ஹார்டி டிரினிட்டியிலிருந்த இன்னொரு தமிழரிடம் கேட்டார். அவர் வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர். 1936-இல் ஊர் வந்தவர் ஜானகி அம்மாளைத் தேடிப் போய் அதை வாங்கிக் கொடுத்தார். தன் கணவருக்கு வைப்பதாகச் சொன்ன சிலை எங்கே என்று 1981-இல் ஜானகி அம்மாள் கேட்டதை அறிந்த அமெரிக்கக் கணிதர் ரிச்சர்ட் ஆஸ்கி, உலகெங்குமுள்ள கணிதர்களிடம் பணம் திரட்டினார். பால் கிரான்லண்ட் என்ற சிற்பி அதே பாஸ்போர்ட் படத்தைப் பார்த்து வெண்கல மார்பளவுச் சிலை வடித்தார். ராமானுஜன் கப்பல் ஏறிச் சுமார் 70 ஆண்டுக்குப் பிறகு, அவர் மனைவியின் திருவல்லிக்கேணி வீட்டுக்கு அது வந்து சேர்ந்தது.

காசிமேட்டைத் தாண்டி வடக்கே போகும் சாலையில் ஒரு பக்கம் கடலுக்குக் கொட்டிய கருங்கற்கள், மறுபக்கம் வீடுகள். கடல் தின்ற கரை எவ்வளவு என்பதை அந்தக் கற்களே சொல்கின்றன. தெற்கே துறைமுகம் நீட்டிய கைகளுக்கு வடக்கே உள்ள குப்பங்கள் கொடுத்த விலை. திருவொற்றியூரில் ராயல் என்ஃபீல்டின் பழைய ஆலை. 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கி, அங்கே மூடிய பிறகும் இங்கே தொடர்ந்த வண்டி.

தியாகராஜர் கோயிலுக்குள் நுழைந்ததும் மகிழ மரத்தடிக்குத்தான் போனேன். சுந்தரருக்குத் தம்பிரான் தோழர் என்று பெயர், இறைவனையே நண்பனாகக் கொண்டவர். சங்கிலி நாச்சியார் அவரிடம், என்னைப் பிரிய மாட்டேன் என்று சந்நிதியில் சத்தியம் செய்யக் கேட்டாள். சத்தியம் செய்யும் நேரத்தில் சந்நிதியை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடு என்று சுந்தரர் தோழனிடம் கேட்டுக்கொண்டார். தோழன் சரியென்றுவிட்டு, மரத்தடியிலேயே சத்தியம் வாங்கிக்கொள் என்று சங்கிலியின் கனவில் சொல்லிவிட்டான். சத்தியத்தை மீறித் திருவாரூருக்குக் கிளம்பிய சுந்தரருக்கு ஊரெல்லையைத் தாண்டியதும் இரு கண்ணும் போயிற்று. நண்பன் என்பதற்காக விட்டுக்கொடுக்காத நட்பு. ராமானுஜன் கப்பல் ஏறியபோது கும்பகோணத்தில் காத்திருந்த ஜானகிக்கு 15 வயதுகூட இல்லை. அவள் யார் கனவிலும் முறையிட்டதாகப் புராணம் இல்லை.

இதே கோயிலில் பாணினியின் இலக்கணம் சொல்லிக் கொடுக்க வியாகரணதான மண்டபம் என்று ஒன்று இருந்ததைச் சோழர் கல்வெட்டுகள் சொல்கின்றன. வெளியூர்களிலிருந்து படிக்க வந்து தங்கிய ஊர் இது. பத்தாம் நூற்றாண்டில் இங்கே ஒரு மடத்தின் தலைவராக இருந்தவர் சதுரானன பண்டிதர். அவர் துறவியாகப் பிறக்கவில்லை. கேரளத்தில் பிறந்து, கலைகளெல்லாம் கற்று, சோழ நாட்டுக்கு வந்தவர். முதலாம் பராந்தகனின் மகன் ராஜாதித்தனுக்குப் படைத்துணையாகவும் நெருங்கிய நண்பனாகவும் ஆனார். 949-இல் தக்கோலத்தில் ராஷ்டிரகூடரோடு நடந்த போரில் ராஜாதித்தன் யானை மேலேயே மடிந்தான். அந்த நேரத்தில் இவர் பக்கத்தில் இல்லை. நண்பனோடு சாகவில்லையே என்ற துயரத்தில் உலகத்தைத் துறந்து, நிரஞ்சன குருவிடம் தீட்சை பெற்று, திருவொற்றியூரில் சதுரானனர் ஆனார்.

இவ்வளவையும் சொல்வது இந்தக் கோயிலின் சம்ஸ்கிருதக் கல்வெட்டு. அதில் ஆட்சியாண்டு யாருடையது தெரியுமா? கன்னரதேவன் என்று தமிழ்க் கல்வெட்டுகள் அழைக்கும் மூன்றாம் கிருஷ்ணனுடையது. ராஜாதித்தனை வீழ்த்தியது அவன் படைதான். வென்றவன் ஆண்ட நாளில், தோற்றவனின் மலையாள நண்பர் தன் துக்கத்தைக் கல்லில் வெட்ட முடிந்திருக்கிறது. பிராகாரத்தில் பழைய கற்சுவர்களைத் தடவியபடி நடந்தேன். ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒருவன் அந்நிய நாட்டில் அடைந்த நட்பு, அவன் வாழ்க்கையையே வேறு திசையில் திருப்பியிருக்கிறது. வேறு ஊரில் நண்பனைச் சம்பாதிப்பது ஆபத்தில்லாத காரியம் அல்ல.

எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிறது. அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், மேலே மின்கம்பிகள், நீரில் சாம்பல் படிந்து ஆழம் குறைந்த கழி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழி முழுக்கப் பரவியது. படகும் வலையும் கறுத்து, மீனவர்கள் பிளாஸ்டிக் குடங்களில் கையால் எண்ணெயை அள்ளியதைப் படங்களில் பார்த்திருக்கிறோம். இறால் இன்னும் பழையபடி வரவில்லை என்று கரையில் எல்லோரும் சொல்கிறார்கள்.

முகத்துவாரக் குப்பத்தில் ஓர் அம்மாள் தார்ப்பாய் விரித்து நெத்திலி காய வைத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். காக்கா வராமல் கையில் ஒரு குச்சி. எங்கிருந்து வருகிறாய், எதற்கு எழுதுகிறாய் என்று அவர்தான் முதலில் விசாரித்தார். சொன்னேன்.

"எம்புள்ளயும் ஜெர்மனில படிக்கிறான் தம்பி. மிஷினு படிப்பு. பேங்க்ல கடன் வாங்கித்தான் போனான்."

தனியாக இருக்கிறானா என்று கேட்டேன்.

"ரூம்ல நைஜீரியாக்காரப் பையன் ஒருத்தன் கூட இருக்கான். மொதல்ல நான் பயந்தேன், இன்னா பையனோ ஏதோன்னு. இவனுக்கு அம்மை போட்டப்ப அவன்தான் கஞ்சி வெச்சுக் குடுத்தான். பத்து நாளு காலேஜிக்கே போவல, இவன் பக்கத்துலயே இருந்தான்."

ஜெர்மனிக்குத் திரும்பிப் போகிற பையன் ஒருவனின் பெட்டியில் மகனுக்கு நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்பியிருக்கிறார். பொட்டலத்தைப் பிரித்ததும் வாடை பிடிக்காமல் அந்த நைஜீரியப் பையன் சண்டை போடுவானோ என்று மகனுக்குப் பயம். அவனோ எடுத்து முகர்ந்து பார்த்து, எங்கள் ஊர் மாதிரியே இருக்கிறது என்று சொல்லி, தக்காளியும் மிளகாயும் அரைத்துத் தானே குழம்பு வைத்துவிட்டான். மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரை நெடுகக் காய்ந்த மீன் இல்லாத சமையல் இல்லை. நார்வேயிலிருந்து காய்ந்த காட் மீன் மூட்டை மூட்டையாக நைஜீரியாவுக்குப் போகிறது. ஜெர்மன்காரர்கள் ஜன்னலைத் திறந்து வைக்கிற வாசனைக்கு அந்த அறையில் இருவரும் ஒரே பக்கம்.

"அவங்க அம்மா இன்னா மீன் காய வெப்பாங்கன்னு கேட்டுச் சொல்லுடான்னு சொல்லியிருக்கேன். இவன் மறந்துட்றான்."

அடுத்த வாரம் தெரிந்தவர் ஒருவர் ஜெர்மனி போகிறாராம். போன தடவை ஒரே பொட்டலமாகக் கட்டியதில் மகனுக்குப் பங்கு சரியாகக் கிடைக்கவில்லை, அதனால் இந்தத் தடவை இரண்டாகக் கட்டப் போகிறார். நெத்திலியை முறத்தில் அள்ளி, தலையும் தூளும் போகப் புடைத்து, முழுசாக இருப்பதை மட்டும் கையால் பொறுக்கி இரண்டு குவியலாக வைத்தார். ஒன்று கொஞ்சம் குறைவாகப் பட்டது. இன்னும் ஒரு பிடி அள்ளிப் போட்டார்.

"மேல பேரு எழுதிக் குடுத்துட்டுப் போ தம்பி."

மகனின் பெயரைச் சொன்னார், எழுதினேன். இரண்டாவது பொட்டலத்துக்கு அந்த நைஜீரியப் பையனின் பெயர் அவர் வாயில் பாதி வந்தது, மீதி வரவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, மகனுக்கே போன் போட்டார்.